பேர்மிற்றில் தொடங்காத பரம்பரை

இலங்கையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில், பிள்ளையின் பெயருக்கும் தாய் தந்தையரின் விபரத்துக்கும் கீழே, பெரும்பாலோர் நின்று வாசிக்காத ஒரு கூடு நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் அங்கே எழுதப்படும். தந்தை இங்கே பிறவாதவராயின், பூட்டன் இங்கே பிறந்திருந்தால் அவருடைய விபரமும் கேட்கப்படும். கிளிநொச்சியில் ஒரே வாய்க்காலின் இரு கரைகளிலும் குடியிருக்கும் குடும்பங்களின் பத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்தக் கூட்டில் ஒன்றில் காரைநகர் இருக்கும், ஒன்றில் புங்குடுதீவு, ஒன்றில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர், ஒன்றில் வெறும் கோடு. வன்னியில் குடியேறிய குடும்பங்களின் வரலாற்றைத் தேடப் புறப்படுகிறவருக்கு இந்தச் சிறிய கூடே முதல் ஏடு. அரசு அந்தக் கேள்வியை ஏன் கேட்டது என்பதை விளங்கிக்கொண்டால், தேடலை எங்கே தொடங்க வேண்டும், அதிலிருந்து எதை எதிர்பார்க்கக் கூடாது என்பவையும் விளங்கிவிடும்.

குடியேறிய முன்னோரைத் தேடும் வேலையை ஒரு தனிக்கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1620இல் மேபிளவர் என்ற கப்பலில் பிளிமத் கரைக்குப் போனவர்கள் 102 பேர். முதற் குளிர்காலத்திலேயே அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்துபோனார்கள். எஞ்சியவர்களின் சந்ததியைக் கண்டறியவென்று 1897இல் ஒரு சங்கம் அமைந்தது. அதற்கும் முன்பே, 1845இல், குடும்ப வரலாற்றுக்கென பொஸ்டன் நகரில் ஒரு நிறுவனம் தோன்றிவிட்டது. அங்கே பழகிப்போன முறை, கப்பலில் வந்து இறங்கிய ஒருவரை உச்சியில் வைத்து, அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கிளை பிரித்துக் கீழே வருவது. இலங்கையிலும் இதே முறை அறியாததன்று. 1908இல் தொடங்கிய டச்சு பறங்கியர் சங்கம், ஒல்லாந்தக் கம்பனியின் கப்பலில் வந்த ஒரு சிப்பாயையோ எழுத்தரையோ மூலவராகக் கொண்டு பல குடும்பங்களின் வழிமரபைத் தன் சஞ்சிகையில் வெளியிட்டது. அவர்களால் அது முடிந்தது. எந்தக் கப்பலில் எவர் எந்தச் சம்பளத்துக்கு ஏறினார் என்பதைக் கம்பனி பேரேட்டில் எழுதி வைத்திருந்தது.

வன்னிக்கு இந்த முறை பொருந்தாது. ஆவணங்கள் குறைவு என்பது ஒரு காரணந்தான். அதைவிடப் பெரிய காரணம், இந்த நிலம் பல தடவை நிறைந்து பல தடவை வெறிச்சோடிய நிலம் என்பது. கப்பல் ஒன்று வந்து இறக்கிவிட்ட முதற்குடி என்று இங்கே ஒருவரைச் சுட்ட முடியாது. இரணைமடுப் பகுதியின் மண்படுகையில் கற்காலக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. தொல்லியலாளர் அந்தப் படுகைக்கு இரணைமடுவின் பெயரையே இட்டிருக்கிறார்கள். காட்டுக்குள் தூர்ந்து கிடக்கும் குளக்கட்டுகள், எப்போதோ அங்கே வயல் செய்தவர்கள் இருந்ததைச் சொல்கின்றன; அவர்களின் பெயரைச் சொல்வதில்லை. வையாபாடலும் யாழ்ப்பாண வைபவமாலையும் வன்னியர்களையே கடல் கடந்து வந்தவர்களாகத்தான் காட்டுகின்றன. பனங்காமம், முள்ளியவளை முதலான பற்றுகளை ஆண்ட வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தார்கள். ஆகவே ஒல்லாந்தரின் கணக்கில் யானை உண்டு, திறை கொடுத்த தலைவன் உண்டு. அந்த யானையைப் பிடித்த குடியானவனின் வீடு இல்லை. 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டாரவன்னியன், அதே ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேர்க்கிடம் தோற்றதை ஒரு கல் சொன்னது. அவனுடன் நின்ற குடிகளுக்குக் கல் எதுவும் இல்லை.

அதன் பின்னான நூற்றாண்டு வன்னிக்குத் தேய்மானக் காலம். ஜே.பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலைப் புரட்டினால், காய்ச்சலும் பறங்கிப் புண்ணும் ஊர்களைக் கரைத்துக்கொண்டிருந்த நிலைமை தெரியும். மலேரியா இருக்கும்வரை வெளியூரார் வந்து தங்குவது அரிது. வந்தாலும் நிலைப்பது அதைவிட அரிது. 1905இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் பாதை இந்தக் காட்டை ஊடறுத்தது. 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளத்து வேலை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தது. 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. 1936இல், யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்க, கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. 1940களின் நடுவில் டி.டி.ரி. மருந்து வந்து நுளம்பை அடக்கிய பிறகே உருத்திரபுரம், வட்டக்கச்சி, முரசுமோட்டை போன்ற இடங்கள் பெருகின. பிறகு வவுனிக்குளம், முத்தையன்கட்டு, விசுவமடு என்று குளத்தைத் தொடர்ந்து குடி போனது. இன்று வன்னியில் பலர் தங்கள் குடும்பக் கதையைத் தொடங்குவது இந்தக் கட்டத்திலிருந்துதான்: அப்பு காடு வெட்டினார், பேர்மிற் கிடைத்தது.

பேர்மிற் என்று எல்லாரும் சொல்லும் அந்த அனுமதிப்பத்திரம் நல்ல ஆவணம். காணிக் கச்சேரி கூடி, காணியில்லாதவர், பிள்ளைகள் உள்ளவர், கமம் தெரிந்தவர் என்று விசாரித்து ஆட்களைத் தெரிந்தெடுத்த பின்னரே அது எழுதப்பட்டது. பெறுபவரின் பெயர், காணியின் அளவு, வயலா மேட்டுக்காணியா என்பது, பின்னுரித்தாளர் யார் என்பது எல்லாம் அதிலும் பிரதேச செயலகத்துக் காணிப் பேரேட்டிலும் பதிவாகும். ஆனால் அந்தக் கடதாசி ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக எழுதப்பட்டது என்பதை மறந்தால் அது நம்மை ஏமாற்றிவிடும். காணி துண்டாடப்படக் கூடாது என்பது சட்டத்தின் கவலை. அதனால் உரித்து ஒரு கைக்கே போகவேண்டியிருந்தது. பின்னுரித்தாளர் குறிக்கப்படாதபோது பின்பற்ற வேண்டிய அட்டவணை, மகளுக்கு முன் மகனையும் இளையவருக்கு முன் மூத்தவரையும் நிறுத்தியது. காட்டை வெட்டியது புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து. யானைக்குக் காவலிருந்தது வீட்டார் எல்லாரும். பேர்மிற்றில் நின்ற பெயர் ஒன்றுதான். அந்த ஒற்றைப் பெயரைப் பிடித்துக்கொண்டு வம்சம் எழுதினால், எழுதப்படுவது காணியின் வம்சமாக இருக்கும். குடும்பத்தின் வம்சம் வேண்டுமென்றால் விவாகப் பதிவையும், பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பையும், வேதக்காரர் வீடாயின் கோயிலின் ஞானஸ்நானப் பதிவையும், சைவக்காரர் வீடாயின் பழைய ஊர்க் கோயிலில் எந்தத் திருவிழா உபயம் எவருடையது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திருவிழா உரிமையைச் சில ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நினைவு வைத்திருப்பார்கள். கடல் கடந்து போனவர்களும் அதை மறப்பதில்லை.

ஆகவே வன்னியில் தேடல் கீழிருந்து மேலே போக வேண்டும். இன்று உயிரோடு இருப்பவரின் பத்திரத்தில் தொடங்கி, ஒவ்வொரு படியையும் ஒரு ஆவணத்தாலோ ஒரு சாட்சியாலோ உறுதிசெய்த பிறகே அடுத்த படியில் காலை வைக்க வேண்டும். இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, எல்லை மாற்றம். கிளிநொச்சி 1984வரை யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது. முல்லைத்தீவு 1970களின் இறுதியில்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் அதன் பெரும்பகுதியின் நிர்வாகம் வவுனியாவில் நடந்தது. எனவே பரந்தனில் பிறந்தவரின் பழைய கடதாசியைக் கிளிநொச்சியில் தேடிக் களைத்துப்போகிறவர், யாழ்ப்பாணத்திலும் தேட வேண்டும். அமெரிக்காவிலும் இதே கதைதான். மாநிலங்களின் உட்பிரிவுகள் பிரிந்து பிரிந்து புதிதாக உண்டானதால், தாய்ப்பிரிவின் கந்தோரில் பழைய உறுதியைத் தேடுவது அங்கே பாலபாடம். இரண்டாவது பொறி, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கந்தையாவின் மகன் செல்லத்துரை. செல்லத்துரையின் மகன் சிவபாலன். ஒவ்வொரு தலைமுறையிலும் முன்னெழுத்து மாறும். கலியாணத்தோடு பெண்ணின் பெயரும் மாறும். பெயர் ஒற்றுமையை நம்பி உறவு கட்டுவது ஆபத்து. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய செமினரியில் படித்தவர்களுக்குப் பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரையே சூட்டினார்கள். வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அப்படிப் பெயர் பெற்ற பேராசான். பெயரை மட்டும் பார்த்தவர் அவருக்கு அமெரிக்காவில் பாட்டன் தேடப் போயிருப்பார்.

இதுவரை சொன்னது யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பாதை. வன்னிக்கு இன்னொரு பாதையும் உண்டு. அந்தப் பாதையில் வந்தவர்களின் தேடல்தான் கடினமானது, அதிகம் கற்றுத் தருவதும் அதுவே. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வன்னியின் தெற்கு விளிம்பைத் தொட்டுச் செல்லும் அந்த வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் விழுந்தவர்களுக்குக் கணக்கும் இல்லை, கல்லும் இல்லை. 1914இல் தலைமன்னார் ரயில் வந்தபோது அந்த நடைக்காலம் முடிந்திருந்தது. அந்தப் பாதையின் நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மறுபடி நடந்தார்கள். மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் 1958இன் வன்செயலிலும், 1970களின் முற்பகுதியில் தோட்டங்களைப் பட்டினி பிடித்தபோதும், 1977இலும் 1983இலும் மலையிறங்கி வன்னிக்கு வந்தார்கள். வவுனியாவில் வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் என்ற அமைப்பு அவர்களில் பலரை எல்லைக் கிராமங்களில் குடியமர்த்தியது. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், தருமபுரம் போன்ற ஊர்களில் இந்த வழியில் வந்த குடும்பங்கள் நிறைய. பூட்டன் செத்தும் பிழைத்தும் கடந்துபோன காட்டுக்குப் பூட்டப்பிள்ளை குடியேறத் திரும்பி வந்தது, வன்னியின் குடும்ப வரலாறுகளிலேயே ஆழமான வளைவு.

இந்தக் குடும்பங்களைத் தேடுவதற்கான கடதாசிகள் வேறு. பெரிய கங்காணி ஊரிலிருந்து கூட்டி வந்த ஆட்களின் பற்றுக் கணக்கு, கடனோடு ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு, நாட்சம்பளம் எழுதிய செக்ரோல், தோட்டங்களுக்கு வந்தவர்களைப் பதிந்த மண்டபம் முகாமின் பதிவு ஆகியவை அவை. இவற்றில் ஆள் உண்டு. குடும்பம் அரிதாகவே தெரியும். கறுப்பின அமெரிக்கர்களின் தேடலும் இப்படித்தான் ஒரு சுவரில் முட்டும். 1850இலும் 1860இலும் எடுத்த அடிமைகளின் கணக்கில் வயதும் பாலும் எழுதப்பட்டன, பெயர் எழுதப்படவில்லை. விடுதலை பெற்ற பெரும்பாலோர் தங்கள் பெயரோடு சனத்தொகைக் கணக்கில் தோன்றியது 1870இல்தான். நமது தோட்ட மக்களின் சுவர் வேறு விதமானது: பெயர் எழுதப்பட்டது, பிறந்த இடத்துக்குச் சான்று எழுதப்படவில்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்த ஒருவர்கூட, தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும் என்றது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் அந்தக் கூட்டுக்குப் பொருள் இதுவே. லயத்துக் காம்பராவில் பிறந்தவனிடம் பூட்டனின் பிறப்புக்கு அத்தாட்சி கேட்கப்பட்டது, இல்லாதவன் நாடற்றவனானான். 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிகுதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் கூடலூரிலும் தம்பி கிளிநொச்சியிலும் வாழ நேர்ந்த கதைகளின் மூலம் இந்த எண்கள்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: இத்தனை ஆவணத்தை அடுக்கி என்ன பயன், வன்னியில் எந்த வீட்டில் கடதாசி மிஞ்சியிருக்கிறது? 2004 டிசம்பர் 26இல் கடல் முல்லைத்தீவைக் கொண்டுபோனது. 2009இல் முடிந்த போரில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை ஓடியவர்கள், கையில் இருந்ததையெல்லாம் பங்கரிலும் கடற்கரை மணலிலும் விட்டுவிட்டுச் செட்டிகுளத்து முகாமுக்குள் போனார்கள். மறுப்பு நியாயமானது, ஆனால் அது வீட்டிலிருந்த பிரதியைப் பற்றியது. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளுக்குக் கொழும்பிலும் பிரதி உண்டு. யாழ்ப்பாணத்து மூதாதையின் உறுதி காணிப் பதிவகத்தில் இருக்கலாம். திருப்பி அனுப்பப்பட்ட சித்தப்பாவின் குடும்ப அட்டை கோத்தகிரியில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கலாம். பல தடவை இடம்பெயர்ந்த குடும்பத்தின் சான்றுகளும் பல இடங்களில் சிதறும் என்பதால், ஒரே இடத்தில் எல்லாம் அழிந்துபோவதில்லை. அதோடு, அழிவே அவசரத்துக்கும் காரணம். காடு வெட்டிய தலைமுறையில் எஞ்சியிருப்போர் சிலர். அவர்களின் பேச்சைப் பதிய இன்று கைத்தொலைபேசி போதும். இறந்த ஆண்டு என்ற இடத்தில் எதையும் எழுத முடியாத குடும்பங்களும் வன்னியில் உண்டு. 2017 பெப்ரவரியிலிருந்து காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் வீதியோரம் குந்தியிருந்த தாய்மார் அந்த இடத்தை எவரும் அவசரப்பட்டு நிரப்புவதை ஏற்கவில்லை. குடும்ப வரலாறு எழுதுகிறவர் அந்த வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் உள்வீட்டுக்குரியது. வேரைக் கிளறினால் சாதி வெளியே வரும். எங்கிருந்து வந்தவர் என்ற கேள்வி, தோட்டக்காட்டான் என்ற பழைய வசைக்குத்தான் வழி திறக்கும். மூடிக் கிடப்பதே நல்லது என்பார்கள். மூடிக் கிடந்த இத்தனை காலத்தில் அந்த வசை செத்துவிடவில்லை என்பதே இதற்கு முதற்பதில். யார் எங்கிருந்து வந்தார் என்பது தெரியாத ஊரில் வசைக்குச் சக்தி இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததைப் பாதிப்பேருக்கு மட்டும் வெட்கமாக ஆக்கி வைத்த ஊரில்தான் வசைக்குச் சக்தி. ஒரு குடும்பம் தீவிலிருந்து பேர்மிற்றோடு வந்தது. இன்னொரு குடும்பம் தோட்டத்திலிருந்து பேர்மிற் இல்லாமல் வந்தது. இரண்டும் வெட்டியது ஒரே காட்டை. தேதி வாரியாக இரண்டையும் எழுதி வைத்தால், இடைவெளி பல வேளைகளில் இருபது முப்பது ஆண்டுகள்தான் என்று தெரியும். முன்னால் வந்தவர் என்ற பெருமைக்கு அவ்வளவு நீளம் போதாது. சாதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: வம்சம் எழுதுவது ஆளை அளப்பதற்கான கோலாக மாறும் ஆபத்து எங்கும் உண்டு. அமெரிக்காவிலும் மூதாதையர் சங்கங்கள் பின்னால் வந்த குடிகளை எட்ட நிறுத்துவதற்குப் பயன்பட்டதுண்டு. அந்த ஆபத்துக்கு மருந்து, தேடலைச் சிலர் கையில் மட்டும் விடாமல் எல்லா வீடுகளும் எழுதுவதே.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. முதற்குடி என்பதை இவ்வளவு எளிதாகக் கைவிட முடியுமா? வன்னியில் நிலம் அரசியல். 1984இலிருந்து மணலாற்றில் தமிழர் வெளியேற்றப்பட்டுப் புதிய குடியேற்றம் நடந்தபோது, எங்கள் முன்னோர் இங்கே இருந்தார்கள் என்ற சொல்லைத் தவிர மக்களிடம் வேறு ஆயுதம் இருக்கவில்லை. அதையும் ஆராய்ச்சி என்ற பெயரில் தட்டிப் பறிப்பதா என்று கேட்பது சரியான கேள்வி. ஆனால் இரண்டு உரிமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தக் குளத்தின் கீழ் இந்தக் காணியை இன்னார் இந்த ஆண்டில் திருத்திச் செய்தார், இன்ன நாளில் துரத்தப்பட்டார் என்பது சான்று காட்டக்கூடிய உரிமை. படி படியாக எழுதிய குடும்ப வரலாறு அந்த உரிமையைப் பலப்படுத்தும்; வாய்ப்பேச்சைவிட நீதிமன்றத்தில் நிற்கும். ஆதியிலிருந்து நாங்களே என்பது வேறு வகை உரிமைக்கோரல். அதை இன்னொருவரும் தன் பங்குக்குச் சொல்லலாம். மண்ணுக்கடியிலிருந்து தனக்கு வேண்டிய நூற்றாண்டை எடுத்துக் காட்டலாம். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, முல்லைத்தீவின் தண்ணீரூற்றில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அவர்களின் பாட்டன் பூட்டன் கணக்கு எந்தக் காப்பும் கொடுக்கவில்லை. பிளிமத்தில் முதற்குடி என்று போற்றப்பட்டவர்கள் இறங்கிய கரையில் வம்பனோவாக் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்தார்கள். வம்சப் புத்தகங்கள் அவர்களைத் தொடக்கத்துக்கு முந்திய வெறுமையாகவே நெடுங்காலம் நடத்தின. முந்தினவனுக்கே நிலம் என்ற வாதம், சொல்கிறவனுக்கு எதிராகவும் ஒருநாள் திரும்பும். 1948இன் சட்டம் பூட்டனைக் கேட்டது அதே வாதத்தின் இன்னொரு முகந்தான்.

எனவே ஒரு வன்னிக் குடும்பம் தன் வரலாற்றை எழுத உட்காரும்போது, பேர்மிற் கிடைத்த நாளையோ காடு வெட்டிய அப்புவையோ உச்சியில் வைக்க வேண்டியதில்லை. இன்றைய பிள்ளையின் பெயரைக் கீழே எழுதி, மேலே போகும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று விடயங்களைக் குறித்தால் போதும்: எங்கே பிறந்தார், ஏன் அந்த இடத்தை விட்டார், இதை யார் சொன்னார் அல்லது எந்தக் கடதாசி சொல்கிறது. தாய்வழிக்கும் அதே அளவு இடம் விட வேண்டும். அரசின் கூட்டில் பாட்டிக்கு இடமில்லாததால் வீட்டுக் கொப்பியிலாவது அவள் இருக்க வேண்டும். இப்படி எழுதினால் நாலாவது, ஐந்தாவது படியில் எல்லார் கொப்பியிலும் ஒரு கோடு விழும். சிலருக்குத் தீவில், சிலருக்கு மண்டபத்தில், சிலருக்குத் தூர்ந்த ஒரு குளக்கட்டடியில். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் அந்தக் கோடு விழுந்தபோது ஒருவன் நாடற்றவனானான். வீட்டுக் கொப்பியில் அதே கோடு, இதற்கு மேல் அறியோம் என்று கையொப்பம் வைத்த நேர்மை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் அயலவர்களை அது ஒரே படியில் நிறுத்திவிடுகிறது.